மாயூரம் வேதநாயகர்

குடகு மலையில் தோன்றும் காவிரியாறு சோழ வளநாட்டைச் செழிக்கச் செய்து கடலோடு கலக்கும் இடம் பூம்புகார். பண்டு சோழ மன்னரின் துறைமுக நகராய் விளங்கிய அவ்வூரில் பிறந்து வளர்ந்த கோவலனும் கண்ணகியும் இழந்த பொருளை மீட்கக் கருதி மதுரைக்குச் சென்றனர். அங்கே அரசன் வழக்கைத் தீர ஆராயாது கூறிய ஒரு சொல்லால் கோவலன் உயிரிழந்தான். தன் பிழையை உணர்ந்த அரசனும் உயிர் துறந்தான். தீர்ப்புக் கூறும் இடத்தில் இருப்பவர் ஒரு சொல்லையும் ஆராயாமல் சொல்லலாகாது என்பதே சிலப்பதிகாரம் உணர்த்தும் பேருண்மைகளுள் ஒன்று.

அப்பூம்புகாருக்குத் தெற்கே கடற்கரையில் தரங்கம்பாடியும், வடமேற்கே சீகாழியும், மேற்கே மாயூரமும் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மூன்று ஊர்களிலும் நீதிமன்றத் தலைவராக அமர்ந்து வழக்குகளைத் தீர ஆராய்ந்து தீர்ப்பளித்த பெரியார் ஒருவர் இருந்தார். அவர் தமிழில் முதல் நாவல் எழுதிய ஆசிரியர்; இசைப்பாடல்கள் பல இயற்றிய புலவர்; பஞ்ச காலத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்த வள்ளல். அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆவார்.

பிறப்பும் கல்வியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வேதநாயகர் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் கிறித்தவ நெறியில் நின்ற அக்குடும்பத்தில் இறைப்பற்றும் தமிழ்ப்பற்றும் ஒருங்கே வளர்ந்தன. சாமுவேல் என்னும் பெயரும் அவர்க்கு உண்டு.

அக்காலத்தில் தமிழகம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. நிலவரித் துறையிலும் நீதித்துறையிலும் உயர் பதவிகளில் பெரும்பாலும் ஆங்கிலேயரே இருந்தனர். அவர்கள் பேசும் மொழி குடிமக்களுக்குப் புரிவதில்லை; குடிமக்கள் பேசும் மொழி அவர்களுக்கு நன்கு விளங்குவதில்லை. ஆதலால் இருமொழியும் அறிந்தவர்க்கு அரசாங்க அலுவல்களில் இடம் இருந்தது. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த தியாகப் பிள்ளை என்பவரிடம் இளைஞர் வேதநாயகர் மாணவராய் அமர்ந்து ஆங்கிலமும் தமிழும் கற்றார். வயிறு வளர்ப்பதற்கு ஆங்கிலம், உள்ளம் வளர்ப்பதற்குத் தமிழ் என்று அவர் பிரித்துக் கொள்ளவில்லை. இரண்டையும் ஆழமாகக் கற்றார். அக்கல்வியே பின்னாளில் அவர் ஆற்றிய அரும்பணிகள் அனைத்திற்கும் அடிப்படையாயிற்று.

மொழிபெயர்ப்பாளர்

1848ஆம் ஆண்டில் வேதநாயகர் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்தார். ஈராண்டிற்குப் பின் அந்நீதிமன்றத்திலேயே மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

மொழிபெயர்ப்பாளரின் வேலை கண்ணுக்குச் சிறியது. பொறுப்போ மிகப் பெரியது. உழவர் ஒருவர் தம் நிலத்தைப் பற்றிக் கூண்டில் நின்று உரைக்கும் சொற்களை அவர் ஆங்கிலத்தில் எழுதுதல் வேண்டும். ஆங்கில நீதிபதி எழுதிய தீர்ப்பைத் தமிழில் விளக்குதல் வேண்டும். ஒற்றி வேறு, குத்தகை வேறு. கடன் வேறு, கைம்மாற்று வேறு. இவற்றுள் ஒன்றற்கு மற்றொன்றை எழுதிவிட்டால் ஒரு குடும்பத்தின் நிலமே கைமாறிப் போகும். பேசிய குடியானவருக்குத் தம் சொல் எவ்வாறு மாறியது என்று தெரியாது. தீர்ப்பளித்த நீதிபதிக்கும் தெரியாது. உண்மை முழுவதும் இடையில் நின்ற ஒருவரின் அறிவையும் நேர்மையையும் சார்ந்திருந்தது. இந்நிலையை வேதநாயகர் நாள்தோறும் கண்டார். நீதி கேட்டு வந்தவருக்கு நீதிமன்றத்தின் மொழி புரியாமற் போவது எத்துணைக் கொடுமை என்பது அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

இத்தொல்லை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலேயே நெடுங்காலம் நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழி வழங்கியது. தமக்குச் சார்பாகவோ எதிராகவோ வழக்கறிஞர் பேசுவது மக்களுக்கு விளங்கவில்லை என்பதை உணர்ந்து, மூன்றாம் எட்வர்டு மன்னரின் காலத்தில், 1362ஆம் ஆண்டில், ஆங்கிலத்திலேயே வழக்காட வேண்டும் என்று சட்டம் செய்தனர். சீனப் பேரரசிலோ கடுமையான தேர்வுகளில் வென்ற அறிஞர்களே மாவட்ட அதிகாரிகளாயினர். அவர்களைத் தாயும் தந்தையும் போன்ற அதிகாரிகள் என்று மக்கள் போற்றினர். எனினும் எவரும் தம் சொந்த மாநிலத்தில் பணியாற்றலாகாது என்பது அங்கே விதி. உறவினர்க்குச் சலுகை காட்டுவதைத் தடுக்க அவ்விதி உதவியது. ஆயினும் வேற்று மாநிலத்திற்குச் சென்ற அதிகாரிக்கு அவ்விடத்துப் பேச்சு விளங்காமற் போவதுண்டு. அப்போது அவர் உள்ளூர் எழுத்தர்களையே நம்ப வேண்டியதாயிற்று. ஆள்பவர்க்கும் ஆளப்படுபவர்க்கும் இடையே மொழி ஒரு மதிலாய் நின்றால், அம்மதிலின் வாயிற்காவலரே உண்மையில் ஆட்சி செய்வர் என்பதற்கு இவை சான்றுகளாகும்.

தரங்கம்பாடியில் நீதிபதி

மொழிபெயர்ப்பாளராய் இருந்தபோதே வேதநாயகர் சட்ட நூல்களைக் கற்றுத் தேர்வில் வெற்றி பெற்றார். 1857ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். வட நாட்டில் கம்பெனி ஆட்சியை எதிர்த்துப் பெரும் போர் மூண்ட ஆண்டு அது. அடுத்த ஆண்டில் கம்பெனியின் ஆட்சி முடிந்து, இந்தியா நேரே ஆங்கில அரசியாரின் ஆட்சிக்கு உட்பட்டது.

தரங்கம்பாடி பழம்பெருமை வாய்ந்த ஊர். 1620ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டினர் அங்கே கோட்டை கட்டி வாணிகம் தொடங்கினர். 1715ஆம் ஆண்டில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சிடப்பெற்றதும் அவ்வூரிலேதான். 1845ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அவ்வூரை விலைக்கு வாங்கினர். ஆட்சி மாறிய பன்னிரண்டாம் ஆண்டில் வேதநாயகர் அங்கே நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்தார்.

முன்சீப் என்பது நீதித்துறையின் அடிப்படியில் உள்ள பதவி. 1816ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி சென்னை மாகாணத்தில் மாவட்ட முன்சீப்புகள் நியமிக்கப்பெற்றனர். அப்பதவியில் இந்தியரே பெரும்பாலும் அமர்ந்தனர். பெருந்தொகை வழக்குகள் மேல் மன்றங்களுக்குச் செல்லும். சிறுதொகை வழக்குகள் முன்சீப்பிடம் வரும். ஆயினும் ஏழைக்கு எல்லாத் தொகையும் பெருந்தொகையே. காவிரிப் பாசன நாட்டில் நெல்லே செல்வம், நிலமே உயிர். வரப்புச் சண்டை, வாய்க்கால் தண்ணீர், வாரநெல் பாக்கி, ஒற்றி மீட்பு, பாகப் பிரிவினை ஆகியவை பற்றியே அந்நாட்டுக் குடிமக்கள் நீதிமன்றப் படியேறினர். நாட்டின் அரசர் யாவர் என்பதை அறியாத குடியானவரும் முன்சீப்பை அறிவர். அவருடைய முகத்திலேதான் அரசாங்கத்தின் முகத்தை அவர்கள் கண்டனர்.

கைக்கூலியைக் கண்டித்தவர்

நீதிமன்றத்தைச் சூழ்ந்து அக்காலத்தில் மற்றொரு தீமையும் வளர்ந்திருந்தது. அதுவே கைக்கூலி எனப்படும் இலஞ்சம். வழக்குத் தொடுப்பவர் எழுத்தருக்குக் கொடுக்க வேண்டும். சேவகருக்குக் கொடுக்க வேண்டும். பத்திரத்தைத் தேடி எடுப்பவர்க்கும் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் மனு மேலே வரும். கொடாதவர் மனு அடியில் கிடக்கும்.

வேதநாயகர் இத்தீமையை வெறுத்தார். வெறுத்ததோடு நில்லாமல் அதனைக் கண்டித்து எழுதவும் செய்தார். முன்சீப் ஆன ஓரிரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே நீதிநூல் என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். அரசர் கடமை, குடிகள் கடமை, பெற்றோரைப் போற்றுதல், களவு, சூது, மது முதலிய பொருள்களைப் பற்றி எளிய செய்யுட்களால் இயன்றது அந்நூல். அதில் கைக்கூலியைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நீதிநூல்கள் தமிழில் முன்னரும் பல உண்டு. வள்ளுவரும் ஔவையாரும் காட்டிய நெறி அது. ஆனால் நீதிமன்றத்தின் உள்ளே அமர்ந்து அதன் நிறைகுறைகளை நேரிற்கண்ட ஒருவர் எழுதியது என்பது வேதநாயகரின் நூலுக்கு உரிய தனிச் சிறப்பாகும். பிறர்க்குக் கூறிய அறத்தைத் தாமே மீறினால் ஊரார் நகைப்பர் என்பதை அவர் அறிவார். ஆதலின் அந்நூல் மக்களுக்குச் சொன்ன அறிவுரையாக இருந்ததோடு தமக்குத் தாமே இட்டுக்கொண்ட வேலியாகவும் இருந்தது எனலாம்.

சட்டத்தைத் தமிழாக்கிய செயல்

வழக்குகளைத் தீர்க்கும்போது நீதிபதிகள் சட்டத்தோடு முந்தைய தீர்ப்புகளையும் துணைக்கொள்வர். முன்பு ஒரு வழக்கில் மேல் மன்றம் இவ்வாறு முடிவு செய்தது. ஆதலால் இவ்வழக்கிலும் அவ்வாறே முடிவு செய்தல் முறை என்பது அவர்கள் கொள்கை. சென்னையில் 1862ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் ஏற்படுமுன், சதர் அதாலத்து என்னும் தலைமை மன்றம் இருந்தது. அதன் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் அச்சிடப்பெற்றன. ஆங்கிலம் அறிந்தவர் அவற்றைப் படித்து வழக்காடினர். ஆங்கிலம் அறியாதவர் தமக்குச் சார்பான தீர்ப்பு ஒன்று இருப்பதையே அறியாமல் தோற்றனர்.

வேதநாயகர் இக்குறையைப் போக்க முற்பட்டார். 1805ஆம் ஆண்டு முதல் 1861ஆம் ஆண்டு வரை வெளிவந்த தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழில் மொழிபெயர்த்துச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் வெளியிட்டார். ஏறத்தாழ ஐம்பத்தாறு ஆண்டுகளின் தீர்ப்புகள் தமிழ் மக்களின் கைக்கு வந்தன. சட்டத்துறைக்குரிய சொற்கள் பல தமிழில் அந்நாளில் நிலைபெறவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்ற தமிழ்ச்சொல்லைத் தேடி அமைத்தல் எளிய வேலை அன்று. மொழிபெயர்ப்பாளராய்த் தாம் பெற்ற பயிற்சி முழுவதையும் அவர் இப்பணியில் ஈடுபடுத்தினார். இஃது அரசாங்கம் அவருக்கு இட்ட கட்டளை அன்று; அவர் தமக்குத் தாமே மேற்கொண்ட கடமை. கதவைத் திறந்து விடுவதும் நீதி வழங்குதலின் ஒரு பகுதியே என்பது அவர் கொண்ட கருத்தாகும்.

சீகாழியும் தமிழ் நட்பும்

தரங்கம்பாடிக்குப் பின் வேதநாயகர் சீகாழியில் முன்சீப் ஆனார். சீகாழி திருஞானசம்பந்தர் அவதரித்த தலம். சைவம் தழைத்த அவ்வூரில் கிறித்தவராகிய வேதநாயகர் அனைவரோடும் அன்பு பாராட்டி வாழ்ந்தார்.

அந்நாளில் தமிழ்ப் புலவர்களுள் தலைசிறந்து விளங்கியவர் திருச்சிராப்பள்ளி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. வேதநாயகரும் அவரும் உயிர் நண்பர்கள். வேதநாயகர் சீகாழியில் இருந்தபோது மகாவித்துவான் அவ்வூர்க்கு வந்து தங்கினார். அப்போது அவர் இயற்றிய சீகாழிக் கோவை அங்கேயே அரங்கேறியது. வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக் கோவை என்னும் நூலையும் அவர் பாடினார். சிவபெருமானைப் பாடிய வாயால் கிறித்தவ நண்பர் ஒருவரையும் அவர் கோவை நூலால் சிறப்பித்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்மீது வேதநாயகரும் செய்யுட்கள் பாடினார். ஒருவர் சமயத்தை மற்றவர் இகழாமலும், தம் சமயத்தை மறவாமலும் இருவரும் தமிழால் ஒன்றுபட்டனர்.

மாயூரத்து வாழ்வு

பின்னர் மாயூரத்திற்கு முன்சீப்பாக வந்த வேதநாயகர் அவ்வூரையே தம் வாழ்விடமாகக் கொண்டார். மாயூரம் என்னும் அடைமொழி அவர் பெயரோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்டது.

பகலில் நீதிமன்றத்தில் வழக்குகளை விசாரிப்பார். வழக்கு ஓலைகளும் பத்திரங்களும் நீங்கிய நேரத்தில் தமிழ் ஏடுகளைக் கையில் எடுப்பார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்தில் அவருடைய நண்பர். அந்நாளில் மகாவித்துவானிடம் பாடங்கேட்க மாயூரத்திற்கு வந்த இளைஞர் ஒருவரும் வேதநாயகரைக் கண்டு பழகினார். அவ்விளைஞரே பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தமிழைக் காத்த டாக்டர் உ. வே. சாமிநாதையர். வேதநாயகரின் தமிழ்ப் புலமையையும் மகாவித்துவானிடம் அவர் கொண்ட அன்பையும் ஐயரவர்கள் தம் நூல்களில் குறித்து வைத்துள்ளார்.

வேதநாயகரின் கருத்தை ஈர்த்த மற்றொரு பொருள் பெண்கல்வி. எழுத்தறியாத பெண் தன் பெயரால் எழுதப்பட்ட பத்திரத்தில் என்ன உள்ளது என்பதை அறியாள். பிறர் சொல்லக் கேட்டே கைந்நாட்டு வைப்பாள். தன் உரிமை பறிபோனதை நெடுநாள் கழித்தே உணர்வாள். கல்வி இல்லாதவர்க்குச் சட்டம் இருந்தும் பயன் இல்லை. பெண்மதி மாலை என்னும் நூலை 1869ஆம் ஆண்டில் வேதநாயகர் வெளியிட்டார். பெண்கள் பாடுதற்கு ஏற்ற எளிய பாட்டுகளோடு, பெண்கல்வியின் இன்றியமையாமையை விளக்கும் உரைநடையும் அவரால் எழுதப்பெற்றது. பெண்கள் கற்றால் குடும்பம் சிதையும் என்று பலர் அஞ்சிய காலத்தில், அவர்கள் கற்றால்தான் குடும்பம் சிறக்கும் என்று அவர் நிலைநாட்டினார்.

1872ஆம் ஆண்டில் வேதநாயகர் முன்சீப் பதவியிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. பின்னர் மாயூரம் நகராட்சித் தலைவராக இருந்து அவ்வூர் மக்களுக்குத் தொண்டாற்றினார்.

தாது வருடப் பஞ்சம்

1876ஆம் ஆண்டில் தென்னாட்டில் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் மழை போதவில்லை. தாது வருடத்தில் தோன்றியமையால் மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்றனர். 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடும் பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். உண்டு வாழத் தானியம் நாட்டில் எங்குமே இல்லை என்பதன்று. தானியம் இருந்த இடங்களிலும் அதன் விலை ஏறியது. கூலி வேலை நின்றது. நெல்லைக் கண்ணால் கண்டும் வாங்க வழியின்றி ஏழைகள் வாடினர். அப்பஞ்ச காலத்திலும் கப்பல்கள் தானியத்தை ஏற்றிக்கொண்டு வெளிநாடுகளுக்குச் சென்றன.

காவிரிப் பாசனம் உள்ள தஞ்சை நாடு வானம் பார்த்த மாவட்டங்களைப் போல முற்றும் அழியவில்லை. ஆயினும் அங்கும் விலைவாசி ஏறியது, ஏழைகள் பசித்தனர். கூலியாட்களின் குடிசைகளில் அடுப்பு எரியவில்லை.

வேதநாயகர் அப்போது பதவியில் இல்லை. ஆணையிட்டு நெல்லை வருவிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் அவரிடம் பொருள் இருந்தது; பொருளினும் பெரிய இரக்கம் இருந்தது. கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்து வந்தோர்க்கு உணவளித்தார். தாம் ஈட்டிய செல்வத்தை அதற்கெனச் செலவிட்டார். திருவாவடுதுறைச் சுப்பிரமணிய தேசிகரும் அக்காலத்தில் ஏழைகளுக்கு உணவளித்துக் காத்தார். சைவ மடத்தின் தலைவரும் கிறித்தவ அன்பரும் ஒரே நோக்கில் நின்றனர். பசிக்குச் சமய வேறுபாடு இல்லை என்பதை அவர்கள் செயலால் காட்டினர்.

மக்களின் துயரைக் கண்டு உருகிய வேதநாயகர் பஞ்சம் தீர அருள்புரியுமாறு இறைவனை வேண்டி இசைப்பாடல்கள் பாடினார். 1878ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனை எல்லாச் சமயத்தாரும் ஒருங்கே பாடுவதற்கு ஏற்றதாக அமைந்தது. எந்தக் கடவுளின் பெயரையும் தனித்துச் சுட்டாமல், அனைத்தையும் காக்கும் பரம்பொருளை நோக்கியே அப்பாடல்களை அவர் பாடினார். இசையரங்குகளில் அப்பாடல்கள் பிற்காலத்திலும் ஒலித்தன. வேதநாயகரின் கொடையைக் கண்டு வியந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றினார்.

நாவலில் ஒரு நீதிமன்றம்

1879ஆம் ஆண்டில் வேதநாயகரின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. தமிழில் தோன்றிய முதல் நாவல் அதுவே. அதுவரை தமிழர் கதைகளைச் செய்யுளிலேயே பெரிதும் எழுதி வந்தனர். படித்தவர் பொருள் கூறினாலன்றிச் செய்யுள் எளிதில் விளங்காது. எல்லாரும் தாமே படித்து இன்புறும் வகையில் உரைநடையில் நீண்ட கதை எழுத வேண்டும் என்று வேதநாயகர் விரும்பினார். சிரிப்பும் சிந்தனையும் கலந்து அந்நூலை எழுதினார்.

அக்கதையின் தலைவி ஞானாம்பாள் அறிவிற் சிறந்தவள். ஆண் வேடத்தில் விக்கிரமபுரி என்னும் நகரை அடைந்த அவளை அந்நாட்டு மக்கள் அரசராக ஏற்றுக்கொள்கின்றனர். அவள் செங்கோல் ஏந்தி, நீதித்துறையைத் திருத்தி, குடிகள் நலம் பெற ஆள்கின்றாள். பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று முன்னர் எழுதிய ஆசிரியர், கல்வி கற்ற பெண் நாட்டையே ஆளவல்லவள் என்று இந்நாவலில் காட்டினார்.

அந்நூலில் நீதிமன்ற மொழியைப் பற்றியும் வேதநாயகர் கூர்மையாக எழுதினார். முன்சீப் மன்றங்களுக்கு வரும் வாதியும் தமிழர், பிரதிவாதியும் தமிழர், வக்கீல்களும் தமிழர், நீதிபதியும் தமிழர். இவ்வாறிருக்க, வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கம் அந்நாளில் பரவத் தொடங்கியிருந்தது. தம் வழக்கைப் பற்றித் தம் எதிரிலேயே பேசப்படுவது ஒன்றும் விளங்காமல், வழக்குக்கு உரியவர் கற்சிலைபோல் நின்றார். இந்நிலையை நாவலாசிரியர் நகைச்சுவையோடு எடுத்துக்காட்டிக் கண்டித்தார். ஆங்கிலம் கற்பதை அவர் வெறுக்கவில்லை. அவரே அம்மொழியில் வல்லவர். தாய்மொழியைப் புறக்கணித்து, மக்களுக்கு விளங்காத மொழியில் மக்களின் வழக்கைப் பேசுவதையே அவர் மறுத்தார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் இளைஞராய்க் கண்ட துயரத்தை ஐம்பது வயது கடந்த பின்னரும் அவர் மறக்கவில்லை.

1887ஆம் ஆண்டில் சுகுணசுந்தரி என்னும் மற்றொரு நாவலை வெளியிட்டார். தேவமாதா அந்தாதி முதலிய பக்தி நூல்களும் அவரால் இயற்றப்பெற்றன. 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் வேதநாயகர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நிலைத்த பணி

வேதநாயகர் ஆளுநர் அல்லர்; படைத்தலைவர் அல்லர்; உயர்நீதிமன்ற நீதிபதியும் அல்லர். அயலார் ஆட்சியில் அடிப்படியில் இருந்த பதவி ஒன்றே அவர் வகித்தது. சட்டம் இயற்றும் உரிமை அவருக்கு இல்லை. நீதிமன்றங்களின் மொழியை மாற்றும் ஆற்றலும் அவருக்கு இல்லை. அவர் காலத்திலேயே அம்மாற்றம் நிகழவும் இல்லை. ஆயினும் தம் பதவியின் எல்லைக்குள் செய்யக்கூடியதை அவர் குறையின்றிச் செய்தார். எல்லைக்கு அப்பால் இருந்ததை எழுத்தால் செய்தார். தீர்ப்புகளைத் தமிழாக்கியதும், இலஞ்சத்தைக் கண்டித்ததும், நாவலில் நீதிமன்றத்தை எள்ளி உரைத்ததும் வெவ்வேறு செயல்கள் அல்ல. ஆட்சியும் நீதியும் மக்களுக்கு விளங்கும்படி இருத்தல் வேண்டும் என்னும் ஒரே கொள்கையின் வெவ்வேறு வடிவங்களே அவை.

அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1892இல், சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை முழுமையாகப் பதிப்பித்தார். ஆராயாத தீர்ப்பின் அவலத்தைக் கூறும் அக்காப்பியம் தமிழ் மக்கள் கையில் அச்சு நூலாய்த் தவழ்ந்தது. இந்தியா விடுதலை பெற்ற பின் 1956ஆம் ஆண்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. காலப்போக்கில் கீழ் நிலை நீதிமன்றங்களிலும் தமிழுக்கு இடம் கிடைத்தது. உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலமே இன்றளவும் வழங்கி வருகின்றது. அங்கும் தமிழ் ஒலிக்க வேண்டும் என்னும் வேண்டுகோள் எழுந்துகொண்டே இருக்கின்றது. வேதநாயகர் எழுப்பிய வினா இன்னும் முழு விடை பெறவில்லை.

மாயூரம் இன்று மயிலாடுதுறை என வழங்குகின்றது. 2020ஆம் ஆண்டில் அது தனி மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. வேதநாயகர் நீதி வழங்கிய தரங்கம்பாடியும் சீகாழியும், காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரும் அம்மாவட்டத்திலேயே உள்ளன.

இன்று பள்ளியில் பயிலும் இளைஞருட் பலர் நாளை அலுவலர்களாகவும் ஆசிரியர்களாகவும் நீதிபதிகளாகவும் அமர்வர். எழுத்தறியாத முதியவர் ஒருவர் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள்முன் வந்து நிற்கும் நாள் உறுதியாக வரும். அம்முதியவர் பேசுவதைப் பொறுமையோடு கேட்பதும், அவருக்கு விளங்கும் மொழியில் விடை கூறுவதும், அவரிடம் கைக்கூலி நாடாதிருப்பதும் பெரிய பதவி பெற்றவரால் மட்டும் செய்யக்கூடிய செயல்கள் அல்ல. அடிப்படியில் அமர்ந்திருப்பவராலும் அவை இயலும். அதற்கு மாயூரம் முன்சீப் வேதநாயகரின் வாழ்க்கையே சான்று.